இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

பங்குனி மாதம் பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கிவிட்டால், மயிலாப்பூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு கேள்வி காத்திருக்கும். "காபி சாப்பிடுகிறீர்களா, எலுமிச்சம்பழ சர்பத் சாப்பிடுகிறீர்களா?" என்பதே அந்தக் கேள்வி. பதில் சொல்ல நாம் வாயைத் திறப்பதற்குள் உள்ளே பழம் நறுக்கும் சப்தம் கேட்டுவிடும். ஆகையால் அதைக் கேள்வி என்று சொல்வதைவிட, ஒரு மரியாதை என்று சொல்வதே பொருந்தும். (இந்தக் காலத்துப் பிள்ளைகள் சர்பத் என்று சொல்வதில்லை, "லெமன் ஜூஸ்" என்கிறார்கள். எலுமிச்சம்பழ ரஸம் என்று சொல்லிப் பார்க்கலாமென்றாலோ, சாதத்தில் பிசைந்து சாப்பிடும் ரஸம் வந்து குறுக்கே நிற்கிறது. நாம் சர்பத்தோடு நின்றுகொள்கிறோம்.)

இந்தப் பானத்துக்கு நம்மவரிடையே இருக்கும் நற்பெயர் வேறு எதற்கும் கிடையாது. காபி பித்தம் என்பார்கள். மோர் சளி என்பார்கள். இளநீரின் விலையைக் கேட்டால் தாகம் தானாகவே அடங்கிவிடும். எலுமிச்சம்பழ சர்பத்தைப்பற்றி மட்டும் யாரும் குறை சொல்லி நாம் கேட்டதில்லை. விரதம் இருப்பவர் சாப்பிடலாம். வெயிலில் வந்தவர் சாப்பிடலாம். நேற்று விருந்தில் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு இன்று வருத்தப்படுகிறவரும் சாப்பிடலாம். "எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும்" என்று இதற்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்திருக்கிறோம். அந்தப் பத்திரத்தைச் சிறிது பரிசீலனை செய்து பார்ப்பதே இன்று நமது உத்தேசம்.

"ஒத்துக்கொள்ளவில்லை" என்பது நம் பாட்டிமார் சொன்ன வார்த்தை. கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கிறது என்றாலும், பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்றாலும், புது மாட்டுப்பெண்ணோடு மாமியாருக்குச் சரிப்படவில்லை என்றாலும், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தையே போதுமாயிருந்தது. 1906-ஆம் வருஷத்தில் வியன்னா நகரத்து வைத்தியர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்பவர் "அலர்ஜி" என்ற புதுப் பதத்தை உண்டாக்கினார். அதைத்தான் இப்போது ஒவ்வாமை என்கிறோம். வயிறு உப்புவது வேறு, இது வேறு. உடம்பைக் காப்பதற்கென்று உள்ளே இருக்கும் சேவகர்கள், ஒரு குற்றமும் செய்யாத உணவுப் பொருளைத் திருடன் என்று எண்ணிப் பாய்வதே ஒவ்வாமை. திருடனுக்காக வளர்த்த நாய் விருந்துக்கு வந்த மாமனாரைக் கடிப்பது போன்ற விவகாரம் இது. மாமனார் எவ்வளவு தூரம் உள்ளே வந்தார் என்று நாய் பார்ப்பதில்லை. வாசற்படியில் கால் வைத்தாலே போதும். சிலருக்கு அப்படியே, கடுகளவு பொருள் உள்ளே போனாலும் உதடு வீங்கிவிடுகிறது, மூச்சுத் திணறுகிறது.

எலுமிச்சம்பழத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் அடையாறில் ஏற்பட்டது.

சென்ற வருஷம் சித்திரை மாதத்தில், அடையாறில் நம் உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். நம் தமக்கையும், ஒன்பது வயதான அவள் பெண்ணும் உடன் வந்தார்கள். அந்தக் குழந்தைக்கு முந்திரிப் பருப்பு ஆகாது. வீட்டு அம்மாளுக்கு இது தெரியும். தெரிந்ததனால் அன்று பாயசத்தை அந்தப் பக்கமே கொண்டுவரவில்லை. குழந்தைக்கென்று பார்த்துப் பார்த்து எலுமிச்சம்பழ சர்பத் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்ததும், "அம்மா, நாக்கு அரிக்கிறது" என்றது குழந்தை. பிறகு உதடு தடித்தது. கழுத்தெல்லாம் சிவந்து தடிப்புகள் கிளம்பின. மூச்சில் சீழ்க்கைச் சப்தம் கேட்டது. பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். இரவு முழுவதும் வைத்திருந்து, மறுநாள் காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டு அம்மாள் அழுத அழுகை நமக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஒரு முந்திரிகூடப் போடவில்லையே! ஸ்வாமி சத்தியமாகப் போடவில்லையே!" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் சொன்னது முழுவதும் உண்மை. ஒன்றும் போடவில்லைதான். ஆனால் வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராயிற்றே என்று, பழங்களை நறுக்கிச் சர்க்கரையோடு மிக்ஸியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியிருந்தாள். காலையில் குருமாவுக்கு முந்திரி அரைத்த ஜார் அது. நன்றாகத்தான் கழுவியிருந்தாள். ஆயினும் அந்த ஜாரின் கத்திக்கு அடியிலும், ரப்பர் வளையத்தின் இடுக்கிலும் விரல் போவதில்லை. அங்கே ஒட்டிக்கொண்டிருந்த விழுது போதுமானதாயிருந்தது.

போட்டது எது என்பது ஒரு கேள்வி; இருந்தது எது என்பது வேறு கேள்வி. அன்றுமுதல் அந்தக் குழந்தை இரண்டையும் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டது. யார் வீட்டில் எது கொடுத்தாலும், "மாமி, இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்? எதில் செய்தீர்கள்?" என்று கேட்கும்.

இதற்குக் கிடைத்த பதில்களை எழுதினால் ஒரு புஸ்தகம் ஆகும். சிலர், பாவம், உட்கார்ந்து யோசித்து ஒழுங்காகச் சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். "அதிகப் பிரசங்கி" என்று ஒரு பெரியவர் சொன்னார். தியாகராய நகரில் ஒரு கல்யாண வீட்டில், பட்டுப்புடவை சலசலக்க வந்த ஓர் அம்மாள், "நம் வீட்டுக் கல்யாணத்தில் விஷமா வைப்போம்? ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதடி, கண்ணே!" என்று சொல்லித் தம்ளரைக் குழந்தையின் கையிலேயே திணித்துவிட்டாள். அவள் பிரியத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால், "ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்பதைவிட அபாயமான வாக்கியம் நம் பாஷையில் வேறு உண்டா என்று அன்று யோசித்தோம்.

அதற்குப் பிறகு குழந்தை கேட்பதை நிறுத்திக்கொண்டது. "எனக்குத் தாகமில்லை" என்று சொல்ல ஆரம்பித்தது. உதடு உலர்ந்திருக்கும், முகம் சிவந்திருக்கும், தாகமில்லையாம். தமக்கையோ, இனிமேல் இவளை எங்கும் அழைத்துப் போவதில்லை என்று தீர்மானம் செய்துவிட்டாள். நாம் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் போதிக்கிறவர்கள். நம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அவர்களில் மூன்று பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. பிறந்த நாள் மிட்டாய் வரும்போது அந்த மூன்று முகங்களும் எப்படி ஜன்னல் பக்கம் திரும்பும் என்பது நமக்குத் தெரியும். ஆகையால் "தாகமில்லை" என்ற வார்த்தை ஊசியைவிட அதிகமாக நம்மைக் குத்திற்று.

உபசாரமும் தண்ணீரும் குழந்தையின் பிராணனும் ஒன்றாகச் சேர்ந்த கதை ஒன்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்துமூவர் உற்சவம். அன்று வீதிவலம் வரும் நாயன்மார்களில் அப்பூதியடிகள் ஒருவர். திங்களூரில் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் அவர். நாவுக்கரசரே ஒருநாள் அவர் வீட்டுக்கு விருந்தாக வந்தார். வாழை இலை அரியப்போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டிற்று. விருந்தினருக்கு அமுது படைப்பது தடைப்படுமே என்று, பெற்றோர் பிள்ளையின் உடலை மறைத்துவைத்துவிட்டு இலை போட்டார்கள். அவர்கள் பக்தியைப்பற்றிப் பேச நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் விருந்தினர் என்ன செய்தார் என்பதைச் சேக்கிழார் சொல்லியிருக்கிறார். மூத்த பிள்ளை எங்கே என்று அவர் கேட்டார். கிடைத்த பதிலை நம்பிச் சாப்பிட உட்காரவில்லை. உண்மை தெரிந்ததும் இலையை விட்டு எழுந்து, பிள்ளையை எழுப்பிவிட்டுத்தான் சாப்பிட்டார். உபசாரம் நடக்கிற இடத்தில் ஒருவர் கேள்வி கேட்டதனால் ஒரு பிள்ளை பிழைத்தது. கேள்வி கேட்பது விருந்துக்கு அவமரியாதை என்று சொல்கிறவர்களுக்கு நாம் திங்களூரைக் காட்டுவது வழக்கம். (அதே எட்டாம் நாள் காலையில் மயிலைக் கோயிலில் பூம்பாவை உயிர்பெற்ற விழா நடக்கிறது. அவளையும் பாம்புதான் தீண்டிற்று. இதற்கு நாம் ஒரு விசேஷ அர்த்தமும் சொல்ல வரவில்லை.)

நிற்க. சர்பத்துக்கு வருவோம். கேள்விக்குக் கூசாமல் பதில் சொல்லக்கூடிய ஒரு சர்பத்தை நம் வீட்டில் தயார் செய்வது என்று தீர்மானித்தோம். இரண்டு நிமிஷ வேலை என்றே எல்லோரும் சொன்னார்கள். பிழிவதற்கு இரண்டு நிமிஷம்தான். யோசிப்பதற்கு இரண்டு வாரம் ஆயிற்று.

முதலில், வேலையே வேண்டாம், புட்டி வாங்கிவிடலாம் என்று பார்த்தோம். தியாகராய நகரில் பனகல் பார்க்குக்கு ஸமீபத்தில் ஒரு பெரிய கடைக்குப் போய், வரிசையாக வைத்திருந்த எலுமிச்சைப் புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தோம். (1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய பேட்டை தியாகராய நகரம். ஏரி இருந்த இடத்தில் நின்றுகொண்டு ஜனங்கள் தாகத்துக்குப் புட்டி வாங்குவது கால வித்தியாசம்.) லேபிளில் பழத்தின் படம் பெரிதாகவும், மற்ற விஷயங்கள் எறும்பு ஊர்ந்தது போலவும் இருந்தன. 211 என்ற எண் சோடியம் பென்ஸோயேட். 223, 224 என்பவை மெடாபைஸல்ஃபைட் உப்புகள். 102 என்பது டார்ட்ரஸின் என்ற மஞ்சள் சாயம். கெட்டுப்போகாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் இந்த ஸல்ஃபைட் உப்புகள் அநேகருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆஸ்துமாக்காரர் சிலருக்கு மட்டும் மூச்சைப் பிடித்துவிடும். அமெரிக்காவில் பச்சையாகச் சாப்பிடும் காய்கனிகளின்மேல் இதைத் தெளிப்பதை 1986-ஆம் வருஷத்தில் சர்க்கார் தடுத்துவிட்டார்கள். நம் தேசத்தில், 2020-ஆம் வருஷத்து லேபிள் விதிகளின்படி, கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஸல்ஃபைட் இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். பால், முட்டை, மீன், வேர்க்கடலை, கொட்டைப் பருப்பு, சோயா, கோதுமை முதலியவற்றையும் அப்படியே சொல்ல வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது புட்டிக்குத்தான். கல்யாண வீட்டுத் தம்ளருக்கு லேபிள் கிடையாது.

பழச்சாற்றை விட்டுவிட்டு வெறும் சிட்ரிக் அமிலத்தை வாங்கிக் கரைப்பவரும் உண்டு. ஷீலே என்ற ரசாயனி 1784-ல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் அது. இப்போது எலுமிச்சைக்கும் அதற்கும் உறவில்லை. தொழிற்சாலைகளில் ஒருவகைப் பூஞ்சக் காளானைச் சர்க்கரைப் பாகில் வளர்த்து உண்டாக்குகிறார்கள். 2022-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் எலுமிச்சம்பழம் கிலோ 200 ரூபாயைத் தாண்டிற்றே, அப்போது அந்த வெள்ளைப் பொட்டலத்தின்மேல் நமக்கும் ஒரு கண் விழுந்ததுண்டு. கெடுதல் செய்யும் சரக்கல்லதான். ஆனால் பழத்தின் மணத்தை எங்கே போய் வாங்குவது?

ஆகவே பழத்துக்கே வந்தோம். நம் ஊர்க் கடையில் விற்கும் சிறு உருண்டைப் பழம், மேல்நாட்டார் லெமன் என்று சொல்லும் நீண்ட மஞ்சள் பழம் அல்ல. அவர்கள் லைம் என்று சொல்வதுதான் நம் எலுமிச்சை. ஆந்திராவில் கூடூர்ப் பக்கமும், நம் தென்காசி ஜில்லாவில் புளியங்குடிப் பக்கமும் இதற்குப் பேர் போனவை. கப்பலில் வரும் பழங்களுக்கு மெழுகு பூசுவதுண்டு. அரக்கு முதலிய சில மெழுகுகளை நம் சட்டமும் அநுமதிக்கிறது. தெற்கு மாடவீதியில் கூடையில் குவித்திருக்கும் பழத்தில் தோல் மெல்லியதாக, மஞ்சள் ஏறி, கையில் கனமாக இருப்பதைப் பொறுக்க வேண்டும். எப்படிப்பட்ட பழமானாலும், ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகே கத்தி படலாம். பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டிவிட்டு நறுக்கினால் சாறு தாராளமாக வரும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இப்போது எல்லோர் பையிலும் இருக்கும் கைசுத்தித் திரவம் இதற்கு உதவாது. அது கிருமியைக் கொல்லும். விரலில் ஒட்டிய வேர்க்கடலையின் சத்தை அகற்றாது. அதற்குச் சோப்பும் ஜலமும்தான் வேண்டும்.

அடுத்தது வடிகட்டி. நம் வீடுகளில் சர்பத்தை வடிகட்டுவது எதனால்? தேநீர் வடிகட்டும் அதே வடிகட்டியால்தான். தினம் இரண்டு வேளை பாலும் தேயிலையும் ஊறிய வலை அது. பால் ஆகாத குழந்தைக்கு, பாலில்லாத சர்பத்தில் பால் புகும் வாசல் அதுதான். அடையாறு மிக்ஸி ஜாருக்கு இது சளைத்ததல்ல. நாம் எலுமிச்சைக்கென்றே ஒரு வடிகட்டி வாங்கி, அதன் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டினோம். தமக்கை, "தாலியே கட்டிவிட்டாயா?" என்று கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் செய்த முதல் பரிஹாஸம் அது.

மிக்ஸியைத் தள்ளிவைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ரசாயனம் படித்ததற்கு இதையாவது சொல்ல வேண்டும். எலுமிச்சையின் விதையிலும் வெள்ளைத் தோலிலும் உள்ள ஒரு பொருள், நசுங்கிப் புளிப்பில் கலந்தால், சற்று நேரம் கழித்து லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. பிழிந்தவுடன் இனிக்கும் சர்பத் விருந்தாளி வரும்போது கசப்பதன் ரகசியம் அதுதான். கையால் மெதுவாகப் பிழிந்து, விதையை உடனே நீக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பாத்திரம் கண்ணாடியோ எவர்சில்வரோ ஆகலாம். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளிப்பை விட்டுவைத்தால் களிம்பு இறங்கும்.

அளவு இது: நடுத்தரப் பழம் ஒன்றில் ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் சாறு, ஜலம் 200 மில்லிலிட்டர், சர்க்கரை 20 கிராம், அதாவது சிறு கரண்டியால் நான்கு, உப்பு ஒரு சிட்டிகை. சர்க்கரையையும் உப்பையும் முதலில் ஜலத்தில் கரைத்துவிட்டுச் சாற்றைக் கடைசியில் விட வேண்டும். சர்க்கரை டப்பாவைப்பற்றி ஒரு வார்த்தை: ரவை அள்ளின கரண்டியே சர்க்கரையிலும் புகுவது நமது சமையலறையின் அத்வைதம். கோதுமை ஆகாதவருக்கு அது துவைதமாகவே இருக்கட்டும். புதுப் பொட்டலம் பிரிப்பது நலம். ஆலைச் சர்க்கரையையும் கந்தகப் புகை காட்டித்தானே வெளுக்கிறார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். வாஸ்தவம். கிலோவுக்கு 70 மில்லிகிராம் வரை அதில் இருக்கலாம் என்பது விதி. கணக்குப் போட்டால் நம் தம்ளரின் 20 கிராம் சர்க்கரையில் அதிகபட்சம் 1.4 மில்லிகிராம். பழப் பாகுப் புட்டிக்கு 1955-ஆம் வருஷத்துப் பழப் பண்ட உத்தரவு கிலோவுக்கு 350 மில்லிகிராம் வரை இடம் கொடுத்தது. அந்த விகிதத்தில் 50 கிராம் பாகு கலந்த தம்ளரில் 17 மில்லிகிராமுக்கு மேல் ஆகிறது. எது மேல் என்று நேயர்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஏலக்காயோ சுக்கோ வேண்டுமானால் வீட்டு உரலில் தட்டிப் போடலாம். கடைப் பொடி எந்த இயந்திரத்தில் எதற்குப் பின்னால் அரைபட்டது என்று யாருக்குத் தெரியும்? நன்னாரி விரும்புகிறவர்கள், கச்சேரி ரோட்டு டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடையில் வேராகவே வாங்கிக் காய்ச்சிக்கொள்ளலாம். ஐஸ் போடுவதானால், வீட்டுக் குடிநீரில் வீட்டிலேயே உறைந்ததைப் போட வேண்டும். மீன் வைக்கும் பெட்டியிலிருந்து வந்த கட்டியை மீன் ஆகாதவருக்குப் போடக்கூடாது. ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பது சென்னைக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலில் இங்கே வந்தது. அதை வைப்பதற்காக 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான், 1897-ல் விவேகானந்தர் தங்கியதனால், இன்று கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

நீர்மோரையும் பானகத்தையும் விட்டு எலுமிச்சைக்கு ஏன் இத்தனை வக்காலத்து என்றால், நீர்மோரில் பால் இருக்கிறது. அதில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. இதைக் கேட்டுத் திகைக்காதவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. பானகம் உத்தமமான வஸ்துதான். ஆனால் பொன்போல் மின்னும் வெல்லத்துக்கு ஹைட்ராஸ் என்னும் கந்தக உப்பைப் போட்டு வெளுத்திருக்கக்கூடும். கறுத்த வெல்லம் வாங்குவது மேல்.

எலுமிச்சையும் மாசற்ற ஸ்வரூபம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பழமே ஆகாதவர்கள் சிலர் உண்டு, மிகச் சிலர்தான், அவர்களுக்கு வெறும் பானை ஜலத்தைவிட உயர்ந்த உபசாரம் இல்லை. சிறு குழந்தைகளுக்கு வாயைச் சுற்றிச் சிவந்தால், அது பெரும்பாலும் புளிப்பின் எரிச்சலே. சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் கறுத்துக் கொப்புளிக்கும். இதை ஒவ்வாமை என்று பலர் பயந்துவிடுகிறார்கள். தோலெண்ணெயில் உள்ள ஒருவகைப் பொருளும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை அது. பிழிந்தவர் கையைக் கழுவிவிட்டு வெளியே போனால் வராது. தவிர, எலுமிச்சை ஒவ்வாமையையே குணமாக்கும் என்று செல்பேசியில் ஒரு செய்தி ஊர் ஊராகச் சுற்றுகிறது. மூச்சுத் திணறும் குழந்தைக்கு எலுமிச்சம்பழம் தேடப் புறப்படுகிறவர்கள், தயவு செய்து அதே வேகத்தில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படட்டும். அதற்கு மருந்து அட்ரினலின் ஒன்றுதான்.

இந்த வருஷம் அறுபத்துமூவர் தினத்தன்று, நம் வீட்டு வாசலில் ஒரு மேஜை போட்டோம். 300 பழம், 6 கிலோ சர்க்கரை, 60 லிட்டர் குடிநீர். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து ஓர் அண்டா வந்தது. நம் தமக்கையின் பெண் அதைச் சுற்றி ஒரு பிரதக்ஷிணம் வந்து, "சித்தி, இதில் போன வாரம் யார் பாயசம் காய்ச்சினார்கள்?" என்று கேட்டாள். அண்டா வந்த வழியே திரும்பிப் போயிற்று. இரண்டு புது வாளிகள் வந்தன. ஒரு பலகையில் அவளே சாக்குக்கட்டியால் எழுதினாள்: "எலுமிச்சம்பழம், சர்க்கரை, உப்பு, குடிநீர். பால் இல்லை. பருப்பு இல்லை. கோதுமை இல்லை. கையால் பிழிந்தது. புதுப் பாத்திரம்."

ஜனங்கள் முதலில் பலகையைப் பார்க்கவே இல்லை. தம்ளரை வாங்கினார்கள், குடித்தார்கள், போனார்கள். மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பெரியவர் மட்டும் நின்று முழுவதையும் படித்துவிட்டு, "இல்லாததையெல்லாம் எழுதியிருக்கிறாயே, அம்மா! யானை இல்லை என்று எழுத மறந்துவிட்டாயே!" என்றார். குழந்தை அவருக்கு இரண்டாவது தம்ளர் கொடுக்கவில்லை.

மூன்று மணி இருக்கும். நாயன்மார் பல்லக்குகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கூட்டத்தில் ஒதுங்கி வந்த ஓர் அம்மாள், ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு மெல்லிய குரலில், ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்பவள்போல், "மிக்ஸியில் அடிக்கவில்லையே?" என்றாள்.

"இல்லை, அக்கா. கையால்தான். வடிகட்டியும் தனி. பார்க்கிறீர்களா?" என்று மஞ்சள் நூல் கட்டிய வடிகட்டியை எடுத்துக் காட்டினாள் நம் குழந்தை.

அந்தப் பையன் இரண்டரைத் தம்ளர் குடித்தான். மூன்றாவதில் பாதியைத் தாயார் குடித்தாள். வெளியிடத்தில் அவன் குடிக்கும் முதல் சர்பத் என்று சொன்னாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் மேளம் நெருங்கிவிட்டதால் கேட்கவில்லை.

நான்கு மணிக்குப் பழம் தீர்ந்தது. குழந்தை பலகையிலிருந்து "எலுமிச்சம்பழம்" என்ற வார்த்தையை அழித்தாள். சர்க்கரை ஜலம் கொஞ்ச நேரம் ஓடிற்று. பிறகு சர்க்கரையையும் உப்பையும் அழித்தாள். கடைசியில் குடிநீர் மட்டும் பாக்கி நின்றது. அதற்கும் ஜனங்கள் வந்துகொண்டேயிருந்தார்கள்.